சரியான நேரம் காட்டிக்கொண்டே தேய்ந்த வாட்ச்: என் ஸ்பீட்மாஸ்டரும் அதன் முதல் சர்வீஸும்

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல், ஸ்டாப்வாட்சும் சேர்ந்த கைக்கடிகாரம். உள்ளே 1861 என்ற ரக இயந்திரம், மேலே அக்ரிலிக் கண்ணாடி, தினமும் சாவி கொடுத்து ஓட்டுகிற ரகம். 2014 ஜூனில் வாங்கினேன். 2023-இல் முதல்முறையாகப் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். வாட்சைப் பற்றியும் அதைப் பிரித்துப் பூட்டிய பணிமனையைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன். பணிமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே நடந்ததைச் சொன்னால் போதும். இப்படிப்பட்ட வாட்ச் வைத்திருக்கிற யாருக்கும் அது உதவும்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். அளந்து பார்க்காமல் எதையும் சொல்லாதே என்று பிள்ளைகளிடம் சொல்வதே என் வேலை. வாட்ச் கைக்கு வந்த மறுநாளே ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துவிட்டேன். தினமும் காலை 6 மணிக்கு, கைபேசியில் வரும் அணுக்கடிகார நேரத்தோடு ஒப்பிட்டு, வாட்ச் எத்தனை விநாடி முந்துகிறது, எத்தனை விநாடி பிந்துகிறது என்று எழுதுவேன். எழுதி முடித்த பிறகுதான் சாவி. அந்த நோட்டு இப்போது மூன்றாவது நோட்டாகிவிட்டது. கீழே சொல்கிற எண்களில் பாதி அதிலிருந்து வருகிறவை.

சாவி கொடுப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வாட்சோடு நமக்கு இருக்கிற உறவே அதுதான். தானாகச் சுற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வாட்சில் வாட்சை ஓட்டும் மெயின்ஸ்பிரிங் முழுதாக இறுகியதும் உள்ளே வழுக்கிக்கொள்ளும். எவ்வளவு திருகினாலும் முட்டாது. இதில் முட்டும். கிரவுனை, அதாவது பக்கவாட்டில் இருக்கும் திருகுக் குமிழை, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் திருகிக்கொண்டே போனால், கடைசியில் சுவரில் கை வைத்த மாதிரி நிற்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் அரைச் சுற்று போகுமா என்று பார்ப்பதுதான் ஸ்பிரிங்கை உடைக்கும் வழி. கையில் கட்டியபடியே திருகுவதும் கூடாது. கிரவுனின் தண்டு பக்கவாட்டில் அழுத்தப்பட்டு நாளடைவில் ஆட்டம் கண்டுவிடும். கழற்றி, உள்ளங்கையில் வைத்து, ஒரே நேரத்தில், தினமும். இது 48 மணி நேரம் ஓடும் இயந்திரம். ஆனாலும் 24 மணிக்கு ஒருமுறை சாவி கொடுத்தால்தான் ஸ்பிரிங் நல்ல பலத்தோடு இருக்கும் பகுதியிலேயே வாட்ச் எப்போதும் ஓடும்.

1861 இயந்திரத்தில் கிரவுனை இழுத்தாலும் நொடி முள் நிற்காது. அதனால் நொடிக்கு நொடி பொருத்தி வைப்பது பொறுமையைக் கேட்கும். 2021-இல் வழக்கமான ஸ்பீட்மாஸ்டருக்கு வந்த 3861 இயந்திரத்தில் முள் நிற்கிறது. எனக்கு இதில் குறையில்லை. வித்தியாசத்தை எழுதுவதுதானே என் வழக்கம். பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

கண்ணாடிக்கு வருகிறேன். "இவ்வளவு பெரிய வாட்சுக்கு பிளாஸ்டிக் கண்ணாடியா டீச்சர்?" என்று கேட்காத சக ஆசிரியர் இல்லை. ஆம், அக்ரிலிக்தான், ஹெசலைட் என்பார்கள். நீலக்கல் கண்ணாடி எளிதில் கீறாது, ஆனால் ஓங்கி அடிபட்டால் சிதறும். அக்ரிலிக் எதில் உரசினாலும் கீறும், ஆனால் சில்லுசில்லாகத் தெறிக்காது. மூடிய விண்கலத்துக்குள் கண்ணாடித் தூள் மிதந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1965 மார்ச்சில் நாசா தன் சோதனைகளை முடித்து விண்வெளிப் பயணங்களுக்கு ஏற்றது என்று ஸ்பீட்மாஸ்டரைத் தேர்ந்தபோது அதன் கண்ணாடி அக்ரிலிக்தான். 1969 ஜூலையில் ஆல்ட்ரின் நிலவில் நடந்தபோது கையில் கட்டியிருந்ததும் இந்தக் குடும்பத்து வாட்ச்தான். அதற்குள் இருந்தது 321 என்ற மூத்த இயந்திரம். என்னுடைய 1861 அதற்குப் பின் வந்த 861-இன் வாரிசு.

என் கையில் இருப்பது கரும்பலகைக்கும் ஆய்வக மேசைக்கும் நடுவில் வாழ்கிற வாட்ச். வருடத்துக்கு இரண்டு முறை கண்ணாடி மங்கிப்போகும். அக்ரிலிக்குக்கென்று விற்கும் பாலிஷ் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு எடுத்து, பருத்தித் துணியில் வட்டமாக ஐந்து நிமிடம் தேய்த்தால் புதிதாகிவிடும். தேய்ப்பதற்கு முன்னால் வெளிவளையத்தின் மேல் காகித டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அது கறுப்பு நிறம் ஏற்றிய அலுமினியம். பேஸ்ட் பட்டால் எழுத்துகள் மங்கும். கண்ணாடியின் நடுவே கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததுமாக ஒரு குட்டி ஒமேகா முத்திரை இருக்கும். முதல்முறை அதை தூசி என்று நினைத்துப் பத்து நிமிடம் துடைத்தேன்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 50 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் கிரவுன் திருகி மூடும் வகையல்ல. கை கழுவலாம், மழையில் நனையலாம். நீந்தவும், வெந்நீரில் குளிக்கவும் வேண்டாம். ஈரத்தில் பொத்தான்களை அழுத்தவே கூடாது. நீரைத் தடுப்பது ரப்பர் வளையங்கள்தான். ரப்பருக்கு வயதாகும், சோப்பும் ஆவியும் அதைச் சீக்கிரம் முதுமையாக்கும்.

காந்தம் மட்டும் தனிக்கதை.

2019-இல் ஒருநாள் காலை நோட்டில் +95 என்று எழுத வேண்டி வந்தது. முந்தின நாள் வரை +4, +5. ஒரே இரவில் ஒன்றரை நிமிடம் முந்துகிறது என்றால் தேய்மானமாக இருக்க முடியாது. முந்தின நாள் நான் என்ன செய்தேன்? பன்னிரண்டாம் வகுப்புக்கு வரிச்சுருள் சோதனை. மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்த சுருளுக்குள் இரும்புத் தண்டை நுழைத்துக் காட்டினேன், வாட்ச் கட்டியிருந்த இடது கையால். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டுவிக்கும் ஹேர்ஸ்பிரிங் முடியைவிட மெல்லிய சுருள். அது காந்தமேறினால் சுற்றுகள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டும். ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், குட்டையான ஸ்பிரிங் வேகமாக ஆடும், வாட்ச் முந்தும். வகுப்பில் நடத்துகிற பாடம் என் மணிக்கட்டிலேயே நடந்திருக்கிறது.

உறுதிசெய்ய ஆய்வகத்திலிருந்த காந்த ஊசிப் பெட்டியை எடுத்து வாட்சின் அருகில் மெல்ல நகர்த்தினேன். ஓரிடத்தில் ஊசி லேசாகத் துடித்தது. வெறுமே திரும்பினால் உள்ளே எஃகு இருக்கிறது என்று மட்டுமே பொருள். பேலன்ஸின் ஆட்டத்தோடு சேர்ந்து துடித்தால் ஆடுகிற பாகமே காந்தமேறியிருக்கிறது. இந்தச் சோதனைக்குச் செலவில்லை, வாட்சைத் திறக்கவும் வேண்டாம். யாரும் செய்து பார்க்கலாம்.

காந்தம் நீக்கும் கருவி சிறிய பெட்டி. உள்ளே மாறுதிசை மின்னோட்டம் ஓடும் சுருள். வாட்சை மேலே வைத்து, பொத்தானை அழுத்தியபடியே, கையை மெதுவாக ஒரு முழத்துக்கும் மேல் விலக்கி, அதன் பிறகே பொத்தானை விட வேண்டும். விலக விலகப் புலம் ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய, காந்தத் தயக்கக் கண்ணியும், அதாவது காந்தம் ஏறி இறங்கும் வரைபடச் சுற்றும், சுருங்கிச் சுருங்கிப் பூஜ்யத்துக்கு வரும். பக்கத்தில் வைத்துக்கொண்டே பொத்தானை விட்டால் அந்தக் கணத்துக் காந்தம் அப்படியே தங்கிவிடும். மறுநாள் நோட்டில் +5. அன்றிலிருந்து காந்த வாரத்தில் வாட்ச் மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. ஆய்வகம் இல்லாதவர்களுக்கும் ஆபத்து உண்டு: கைப்பையின் காந்தப் பூட்டு, டேப்லெட் உறை, ஒலிபெருக்கி. சாதாரணமாக 'காந்தம் தாங்கும்' என்று சொல்லப்படும் வாட்சுக்கான சர்வதேச அளவுகோல் 4,800 ஆம்பியர்/மீட்டர், அதாவது சுமார் 60 காஸ். சின்னக் காந்தப் பூட்டை நெருங்கினாலே இதைத் தாண்டிவிடலாம். சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங் வைத்த புதிய 3861 இயந்திரத்தை 15,000 காஸில் சோதிக்கிறார்கள். ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்கள் இன்று வாங்குவதானால் அதையே வாங்கச் சொல்வேன்.

இனி நான் தவறு செய்த இடம். இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

இயந்திர வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரவில் கழற்றி வைக்கும்போது டயல் மேல்நோக்கி வைத்தால் சற்று முந்தும். கிரவுன் மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால் சற்றுப் பிந்தும். வாட்சுக்கு வாட்ச் இது மாறும்; என்னுடையதில் இப்படி. பகலில் முந்தியதை இரவில் சாய்த்து வைத்துச் சரிக்கட்டிவிடலாம். எனக்கு இது பிடித்துப்போயிற்று. 2020-க்குப் பிறகு என் நோட்டில் எண்கள் மிக அழகாக இருக்கும்: +3, +2, +3, +4. சர்வீஸ் பற்றி யாராவது கேட்டால் நோட்டைக் காட்டுவேன். ஒமேகா சொல்வது 5 முதல் 8 ஆண்டுக்கு ஒருமுறை. எட்டு ஆண்டும் கடந்தது. இவ்வளவு சரியாக ஓடுவதை ஏன் பிரிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

2023 தொடக்கத்தில் ஒரு வாரக்கடைசி காய்ச்சலில் படுத்துவிட்டேன். சனிக்கிழமை காலை 6 மணிக்குச் சாவி கொடுத்ததோடு சரி. திங்கட்கிழமை காலை பார்த்தால் முள்கள் 10:50-இல் நின்றிருந்தன. ஞாயிறு இரவு 10:50. அதாவது 48 மணி ஓட வேண்டியது 41 மணிகூட முழுதாக ஓடவில்லை. ஸ்பிரிங்கின் பலம் எங்கேயோ வீணாகிறது. உராய்வில்தான் வீணாக முடியும்.

பணிமனை தேடியதில் முதலில் போன இடத்தில் பத்து நிமிடம்கூட உட்காரவில்லை. "பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி தந்துடறோம் மேடம், அது சர்வீஸோட சேர்த்தே வரும்" என்றார்கள். இந்த வாட்சின் அழகே ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளில் இருக்கிறது. முறுக்கிவிட்ட மாதிரி வளைந்து, சொரசொரப்புப் பரப்பும் பளபளப்புப் பரப்பும் ஒரு கூர்மையான வரம்பில் சந்திக்கும். பஞ்சுச் சக்கரத்தில் ஒருமுறை பிடித்தால் அந்த வரம்பு உருண்டுவிடும். போன உலோகம் திரும்ப வராது. இரண்டு முறை பாலிஷ் ஆன ஸ்பீட்மாஸ்டர் ஒன்றை நண்பரிடம் பார்த்திருக்கிறேன். சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி இருந்தது. கீறல்கள் என் ஒன்பது ஆண்டுகள். அவை இருக்கட்டும்.

இரண்டாவது இடத்தில் பெரியவர் ஒருவர். அவர் முதலில் கேட்டது, "கடைசியா எப்போ சாவி குடுத்தீங்க?"

"காலையில ஆறு மணிக்கு சார்."

"முழுசாவா?"

"முட்டுற வரைக்கும்."

வாட்சை வாங்கி, திறக்காமலே, டைம்கிராஃபரின் ஒலிவாங்கியில் வைத்தார். இந்தக் கருவி வாட்சின் தட்டல்களைக் கேட்டு மூன்று எண்களைச் சொல்லும்: ஒரு நாளைக்கு எத்தனை விநாடி பிழை, பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசி ஆடுகிறது, டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி சமமா. வைப்பதற்கு முன் கருவியில் ஓர் எண்ணை 50 என்று மாற்றினார். என்னவென்று கேட்டேன். பேலன்ஸை உதைக்கும் கோணமாம். இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். வாட்சுக்குரிய எண்ணைப் போடாவிட்டால் வீச்சு தப்பாகக் காட்டுமாம். அதைக் கேட்டதுமே இவரிடம் கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அளப்பதற்கு முன் கருவியைச் சரிபார்க்கிறவரை எனக்குப் பிடிக்கும்.

ஐந்து நிலைகளில் அளந்து ஒரு தாளில் எழுதினார். டயல் மேல்: +11 விநாடி, வீச்சு 238 டிகிரி. டயல் கீழ்: +9, 231. கிரவுன் கீழ்: −4, 201. கிரவுன் மேல்: −8, 196. கிரவுன் இடது: −2, 199. முழுச் சாவியில், நல்ல நிலையில் இருக்கும் இயந்திரம் படுத்த நிலையில் 270-க்கும் 310-க்கும் நடுவில் வீசும் என்றார். என்னுடையது நின்ற நிலையில் இருநூறில் தள்ளாடியது. கடைசியாக ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அளந்தபோது இன்னும் முப்பது டிகிரி இறங்கியது.

"ஆனா நேரம் சரியாத்தானே காட்டுது சார், தினமும் மூணு விநாடிதான் வருது" என்று நோட்டை நீட்டினேன்.

பொறுமையாகப் புரட்டினார். "நீங்க ராத்திரி சாய்ச்சு வைக்கிறீங்களா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. +11-ஐயும் −8-ஐயும் நானே தினமும் கலந்து +3 ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். சராசரி சரியாக இருந்தால் அளவீடு சரியாக இருக்கிறது என்று பொருளில்லை, பரவலைப் பார் என்று பதினொன்றாம் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறவள் நான். ஒரு நாளைக்கு ஒரே ஓர் எண்ணை எழுதி வைத்து, வாட்ச் நலம் என்று நம்பியிருக்கிறேன்.

எண்ணெய் காய்ந்த பிறகும் வாட்ச் ஏன் நேரம் தவறுவதில்லை? ஹேர்ஸ்பிரிங் ஹூக் விதிப்படி நடக்கிறது. எவ்வளவு திருகுகிறோமோ அதற்கு நேர்விகிதத்தில் திருப்பி இழுக்கும். அப்படிப்பட்ட அலைவில், பெரிதாக வீசினாலும் சிறிதாக வீசினாலும் அலைவு நேரம் ஏறத்தாழ ஒன்றே. 1675-இல் ஹியூஜென்ஸ் சுருள் ஸ்பிரிங்கை வாட்சுக்குள் கொண்டுவந்ததன் பயனே இதுதான். வீச்சு 300-இலிருந்து 230-க்கு விழுந்தாலும் முள் காட்டிக்கொடுக்காது. அந்த அற்புதமே நோயையும் மறைத்துவிடுகிறது. கார் என்றால் சத்தம் போடும், புகை விடும். இது கடைசிவரை புன்னகையோடு ஓடும்.

நொடிக்கு 6 தட்டல், மணிக்கு 21,600, நாளொன்றுக்கு 5,18,400. ஒன்பது ஆண்டில் 170 கோடி. அத்தனை தட்டலையும் தாங்கியது ஊசி முனையளவு எண்ணெய்த் துளிகள்.

கொடுத்து ஒரு வாரத்தில், பிரித்த பிறகு வந்து பார்க்கச் சொன்னார். நுண்ணோக்கியில் நொடிச் சக்கரத்தின் அச்சுமுனையைக் காட்டினார். கண்ணாடி போல மின்ன வேண்டிய எஃகில் ஒரு மெல்லிய பள்ளம், நூல் கட்டி இழுத்த மாதிரி. அது சுழல்கிற ரூபிக் கல்லைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு பிசின். காய்ந்த எண்ணெயில் எஃகுத் துகள் கலந்தால் அது உப்புத்தாள் மாதிரி அறுக்கத் தொடங்கும். கல் கடினம், எஃகுதான் தேயும். "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா வெறும் சுத்தம் செஞ்சு எண்ணெய் வச்சிருப்பேன்" என்றார். கடிந்து சொல்லவில்லை, அதனாலேயே மனம் இன்னும் கனத்தது. சக்கரத்தை மாற்ற வேண்டியதாயிற்று. சுவிஸ் நிறுவனங்கள் பலவும் அசல் பாகங்களைத் தாங்கள் அங்கீகரித்த பணிமனைகளுக்கே தருகின்றன. இவருக்கு அந்த அங்கீகாரம் இருந்ததால் தப்பித்தேன். எங்கே கொடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

எண்ணெய் வைப்பதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க அனுமதித்தார். ஒரே எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகாது. வேகமாக ஆடும் பேலன்ஸ் முனைகளுக்குத் தண்ணீர் போல ஓடுகிற மெல்லிய எண்ணெய். மெதுவாக, ஆனால் பெரும் அழுத்தத்தில் சுழலும் ஸ்பிரிங் உருளைப் பக்கத்துக்குத் தடித்தது. தட்டலை உண்டாக்கும் பாலட் கற்களுக்கு மோபியஸ் 9415 என்ற கிரீஸ். சும்மா இருக்கும்போது கெட்டியாக இருக்கும், தட்டுப்படும் கணத்தில் இளகும், மறுபடி கெட்டியாகும். அச்சுமுனைகள் சுழலும் கற்களில் ஒரு குட்டிக் கிண்ணம் குடையப்பட்டிருக்கிறது. பரப்பு இழுவிசை அந்தத் துளியை முனையைச் சுற்றியே பிடித்து வைத்துக்கொள்ளும். அதிகம் வைத்தால் அந்தப் பிடி உடைந்து எண்ணெய் வழிந்தோடி, கடைசியில் முனை வறண்டுபோகும். நிறைய வைத்தால் நீண்ட நாள் வரும் என்ற கணக்கு இங்கே செல்லாது. சமையலறைத் தேங்காயெண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

உள்ளே ஸ்டாப்வாட்சின் பிரேக் மட்டும் பிளாஸ்டிக். டெல்ரின் என்கிற பாலிமர். பார்த்ததும் எனக்குச் சங்கடமாக இருந்தது. எண்ணெயே கேட்காத, தானே வழுக்கும் பொருள் அது, அந்த இடத்துக்கு உலோகத்தைவிடப் பொருத்தம் என்றார். உண்மைதான். மறைவாக இருக்கிற பாகத்தில் பளபளப்பைத் தேடுவது நம் ஆசை. இயந்திரத்தின் தேவை வேறு.

ஐந்து வாரம் என்று சொன்னது எட்டு வாரமாயிற்று. நடுவில் இரண்டு வாரம் எந்தத் தகவலும் இல்லை. நானே மூன்று முறை அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது. பாகம் வரத் தாமதம் என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும். கைக்கு நெருக்கமான பொருளைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவரின் மனநிலை அந்தப் பணிமனைக்குத் தெரிய வேண்டும். இதில் நான் முழு மதிப்பெண் தரமாட்டேன்.

திருப்பி வாங்கியபோது கிடைத்தவை: வாட்ச், பழைய பாகங்கள் போட்ட சிறு உறை (மெயின்ஸ்பிரிங், நொடிச் சக்கரம், ரப்பர் வளையங்கள், இரண்டு பொத்தான்கள், ஸ்ட்ராப் மாட்டும் ஸ்பிரிங் கம்பிகள்), அளவீட்டுத் தாள், நீர் அழுத்தச் சோதனைச் சீட்டு. பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். மாற்றியதற்கு அதைவிட வேறு சாட்சி இல்லை. அந்தச் சின்ன ஸ்பிரிங் கம்பிகளைப் பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை: வாட்ச் கையிலிருந்து விழ அவைதான் வழக்கமான காரணம். உள்ளே வியர்வையும் துருவும் சேர்ந்து, வெளியே தெரியாமல் வலுவிழக்கும். என்னுடையவற்றில் ஒன்று விரல் நகத்தால் அழுத்தியதும் வளைந்தது. சர்வீஸுக்குக் காத்திராமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடலாம்.

புதிய அளவீடு: டயல் மேல் +4, 302 டிகிரி. டயல் கீழ் +3, 298. கிரவுன் கீழ் +1, 274. கிரவுன் மேல் −1, 271. கிரவுன் இடது 0, 273. பத்தொன்பது விநாடிப் பரவல் ஐந்தாகச் சுருங்கிவிட்டது. 24 மணி நேரம் கழித்து எடுத்த எண்களையும் கேட்டு வாங்கினேன். முழுச் சாவியில் மட்டும் அளந்து தருவது பாதி உண்மை. சனிக்கிழமை காலை சாவி கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். திங்கள் காலை ஆறரை தாண்டித்தான் நின்றது.

என் நோட்டு மாறிவிட்டது. தினமும் ஓர் எண் எழுதுவதை விட்டுவிட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு, மூன்று நிலைகளில் எட்டெட்டு மணி நேரம் வைத்துத் தனித்தனியாக எழுதுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாவி கொடுக்காமல் விட்டு, எத்தனை மணியில் நிற்கிறது என்று பார்க்கிறேன். டைம்கிராஃபர் இல்லாதவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள் இவை. நிலைகளுக்கு இடையே வித்தியாசம் விரிந்துகொண்டே போனாலோ, ஓடும் நேரம் சில மணி குறைந்தாலோ, முள் சரியாகக் காட்டினாலும் கொடுத்துவிட வேண்டியதுதான். இரவில் சாய்த்து வைப்பதை நிறுத்திவிட்டேன். மென்துணி மேல், டயல் மேல்நோக்கி, எப்போதும் ஒரே மாதிரி.

வாட்சுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. தினமும் தொட்டுப் பேச வேண்டிய பொருள் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. மறந்துவிட்டுக் கட்டிக்கொள்ள ஒன்று வேண்டும் என்பவர்கள் வேறு வாங்குங்கள். பணிமனைக்கு நான்கு. கைவேலைக்கு ஐந்தே கொடுப்பேன்; தகவல் சொல்லாததற்கு ஒன்று குறைத்தேன்.

ஒரு வேலை இன்னும் பாக்கி. ஸ்டாப்வாட்சைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால், 3 மணிப் பக்கத்து முப்பது நிமிட முள் கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே நிற்கிறது. முள்களைக் கழற்றி மறுபடி பொருத்தும்போது நேர்ந்தது; ஓட்டத்துக்குக் கெடுதல் இல்லை. படம் எடுத்து அனுப்பினேன். "பார்த்தேன் டீச்சர், என் கண்ணுல பட்டிருக்கணும். கொண்டு வாங்க, உட்கார்ந்திருக்கும்போதே சரி செஞ்சு தர்றேன்" என்று அன்று மாலையே பதில் வந்தது. விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்ததும் போக வேண்டும்.